காதாலே டைமிங் வைக்கிற கலைஞர்களே, ஒரு நிமிஷம்...

போன ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு வாசல்ல அம்பாசடர் பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு, கையில டைமிங் லைட்டோட குனிஞ்சு நின்னுக்கிட்டு இருந்தேன். சித்தப்பா ஒருத்தர் பொண்ணு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். ரெண்டு நிமிஷம் பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்துட்டு, "என்னப்பா இது, ஆஸ்பத்திரி மாதிரி லைட்டு, ஒயருன்னு? அந்தக் காலத்து மெக்கானிக்குங்க காதை வெச்சே டைமிங் வெச்சிருவாங்க. ஒரே திருப்பு, வேலை முடிஞ்சுது. அதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும்"னார்.

பத்திரிகை கொடுக்க வந்த மனுஷன்கிட்ட சண்டை போட முடியுமா? காபி கொடுத்து, கண்டிப்பா வந்துடறோம் சித்தப்பான்னு சொல்லி அனுப்பி வெச்சேன். அங்கே போட முடியாத சண்டையைத்தான் இங்கே போடப் போறேன். காதாலே டைமிங் வைக்கிறது கலை, அனுபவம், கைப்பக்குவம் அப்படின்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடிக்கிட்டு இருக்கு. அந்தக் கதைக்கு எங்க வீட்டுல 28,000 ரூபாய் தண்டம் கட்டியிருக்கோம். அதனால எனக்குக் கத்தறதுக்கு உரிமை இருக்கு :-)

வண்டி விஷயத்துல அவ்வளவா ஆர்வம் இல்லாதவங்களுக்காக ஒரு பாரா. தெரிஞ்சவங்க தாண்டிக் குதிச்சுடுங்க. சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை, பொறி பட்டதும் டமார்னு வெடிக்கும்னுதான் நம்ம எல்லாருக்கும் நினைப்பு. உண்மையில அது வெடிக்கிறதில்லை, எரியுது. ப்ளக்குல பத்தின நெருப்பு சிலிண்டர் முழுக்கப் பரவ சுமாரா 2 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தற எஞ்சின்ல அந்த 2 மில்லிசெகண்டுக்குள்ள கிராங்க் 36 டிகிரி திரும்பிடும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பொறியைக் கொடுத்துடணும். எத்தனை டிகிரி முன்னாடிங்கறதுதான் டைமிங். ஊஞ்சல் தள்ளி விட்டவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஊஞ்சல் திரும்பற நேரம் பார்த்துத் தள்ளணும். நம்மளைப் பார்த்து வந்துக்கிட்டு இருக்கும்போதே தள்ளினா மணிக்கட்டு போயிடும். எஞ்சின்லயும் அதே கதைதான். ரொம்ப அட்வான்ஸா இருந்தா மேலே ஏறி வர்ற பிஸ்டனை நெருப்பு எதிர்த்துத் தள்ளுது. அதைவிடப் பெரிய வினை ஒண்ணு இருக்கு. நெருப்பு இன்னும் போய்ச் சேராம மூலையில மிச்சம் இருக்கிற கலவை, அழுத்தமும் சூடும் தாங்காம தானாவே மொத்தமாப் பத்திக்கும். அதுக்குப் பேர்தான் நாக்கிங். கிலுகிலுப்பைக்குள்ள நாலு ஆணியைப் போட்டு ஆட்டின மாதிரி வெளியே கேட்கும். லேட்டா இருந்தா இழுவை இருக்காது, எஞ்சின் சூடாகும், பெட்ரோல் குடிக்கும். ஆனா பிஸ்டனை உடைக்காது.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

எங்க அப்பாவோட வண்டி 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4. பழைய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஸ்டியரிங்கை ஒட்டி கியர், முன் சீட்டுலயே மூணு பேர். 2007 மே மாசம் குன்னூர்ல ஒரு விசேஷம். கோயமுத்தூர்ல இருந்து ஏழு பேர், ரெண்டு பெரிய பெட்டி, ஒரு பலாப்பழம். மலை ஏறப் போறோமேன்னு முந்தின நாள் அப்பா வழக்கமான மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டிட்டு வந்தார். அவர் எஞ்சினை ஓட விட்டு, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, கண்ணை மூடி, டிஸ்ட்ரிபியூட்டரை இப்படி அப்படித் திருப்பி, "மலை ஏறணும்ல சார், கொஞ்சம் அட்வான்ஸ் தூக்கி வெச்சிருக்கேன். சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்"னாராம். ஏதோ கிலுகிலுங்குதேன்னு அப்பா கேட்டதுக்கு "அது டேப்பெட் சத்தம் சார்"னும் சொல்லியிருக்கார்.

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுல ஏத்தம் ஆரம்பிக்கும். அங்கேயிருந்து குன்னூர் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உசரம் ஏறியிருப்போம். முதல் வளைவுலயே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுடுச்சு. நான் மெக்கானிக்கல் படிச்சவன். பரீட்சையில நாக்கிங் பத்தின 16 மார்க் கேள்விக்குப் படமெல்லாம் வரைஞ்சு எழுதிட்டு வந்தவன். "அப்பா, ஏதோ சத்தம் வருது"ன்னேன். "டேப்பெட்டுடா, மெக்கானிக் சொன்னாரே"ன்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன். முப்பது வருஷம் கையில கிரீஸ் படிஞ்ச மனுஷனுக்கு முன்னாடி என் 16 மார்க் எம்மாத்திரம்?

பர்லியார் தாண்டினதும் இழுவை பொசுக்குன்னு போச்சு. சைலன்ஸர்ல நீலப் புகை. பானெட்டைத் திறந்தா ஆயில் ஊத்தற மூடி வழியாவும் புகை. பலாப்பழத்தோட பஸ்ஸுல ஏறினோம்.

எஞ்சினைப் பிரிச்சப்போ நானும் கூட இருந்தேன். மூணாவது பிஸ்டன்ல ரெண்டு ரிங்குக்கும் நடுவுல இருக்கிற வரப்பு மாதிரியான பாகம் உடைஞ்சு துண்டா வந்துச்சு. அந்த சிலிண்டரோட ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தா வெள்ளைப் பீங்கான் மேல மிளகைப் பொடிச்சுத் தூவின மாதிரி பொடிப்பொடியா அலுமினியம். பிஸ்டன்ல இருந்து பிய்ச்சுக்கிட்டு வந்தது. நாக்கிங்குக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா? மெக்கானிக் பார்த்தார். "பெட்ரோல்ல கலப்படம் சார்"னார். அப்பாவும் நம்பிட்டார். பங்க்குக்காரனைத் திட்டிக்கிட்டே 28,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு, எல்லாம் பூட்டி முடிச்சதும் அதே மெக்கானிக், அதே மாதிரி தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடி... ஆமாங்க, திரும்பவும் காதாலேயே டைமிங் வெச்சுக் கொடுத்தார்.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அடுத்த தடவை வேலையா மெட்ராஸ் போனப்போ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கி ஒரு டைமிங் லைட் வாங்கினேன். 1,100 ரூபாய். முதல் சிலிண்டர் ப்ளக் ஒயர்ல ஒரு கிளிப்பை மாட்டினா, அந்த ப்ளக்குல பொறி வர்ற ஒவ்வொரு தடவையும் லைட் பளிச்சுனு ஒரு வெட்டு வெட்டும். அந்த வெளிச்சத்துல கிராங்க் புல்லியில இருக்கிற வெட்டுக்குறி அசையாம நிக்கிற மாதிரி தெரியும். குறி எந்த முள்ளுக்கு நேரா நிக்குதோ அதுதான் உங்க டைமிங். எங்க எஞ்சின்ல அந்த முள்ளுங்க புல்லிக்கு அடியில இருக்கு, கீழே படுத்தாத்தான் தெரியும். இந்த எஞ்சினை வரைஞ்ச வெள்ளைக்காரனை அதுக்காக நான் இன்னிக்கும் மன்னிக்கலை.

வேக்குவம் பைப்பைக் கழட்டி ஒரு ஸ்க்ரூவால அடைச்சு, ஐடிலிங்கைக் குறைச்சு வெச்சு லைட்டை அடிச்சேன். வண்டிப் புத்தகத்துல போட்டிருந்தது ஒற்றை இலக்க டிகிரி. என் வண்டியில குறி 10 டிகிரி முள்ளையும் தாண்டி எங்கேயோ நின்னுச்சு. புல்லியைச் சுத்தி நூல் கட்டி அளந்து, 360-ஆல வகுத்துக் கணக்குப் போட்டா 19 டிகிரி வாக்கில வருது. புது பிஸ்டனோட!

வண்டியை நேரா அவர் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். சண்டைக்கு இல்லை. நல்ல மனுஷன், சின்ன வயசுல என்னைத் தூக்கி மட்கார்டு மேல உக்கார வெச்சவர். "அண்ணா, ஒரு சின்ன டெஸ்ட்டு. நீங்க உங்க பாணியில மூணு தடவை டைமிங் வைங்க. ஒவ்வொரு தடவையும் நான் கலைச்சு விட்டுடறேன்"னேன். சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டார். முதல் தடவை 15. ரெண்டாவது 19. மூணாவது 22. ஒரே வண்டி, ஒரே காது, ஒரே சாயங்காலம்.

ஒண்ணுக்கொண்ணு 7 டிகிரி வித்தியாசம் இருக்கே, அதைக்கூட விட்டுடலாம். மூணுமே ஒரே பக்கமாத் தப்பா இருந்துச்சு பாருங்க, அதுதான் விஷயம். எதுவும் லேட்டாப் போகலை, எல்லாமே அட்வான்ஸ். அது தற்செயல் கிடையாது.

பட்டறையில எஞ்சின் சும்மா ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள்ள போற கலவை கொஞ்சம், அதுலயும் முந்தின சுத்துல எரிஞ்ச புகை மிச்சம் கலந்து கிடக்கும். அந்தக் கலவை மெதுவாத்தான் எரியும். அதனால சுமை இல்லாத எஞ்சினுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாலும் சந்தோஷம்தான். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பத் திருப்ப ஆர்.பி.எம். ஏறும், சத்தம் வழவழன்னு இனிமையாகும். காது எதைக் கேட்டு "ஆங், இதான்"னு சொல்லுதோ, அது சுமை இல்லாத எஞ்சினோட ஆசை. ஏழு பேரையும் பலாப்பழத்தையும் ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல மலை ஏறும்போது சிலிண்டர் நிறையக் கலவை போகுது, அழுத்தம் கூடுது, அங்கே அதே டிகிரி விஷம். பட்டறையில கேட்கிற காதுக்கு பர்லியார் எப்படிங்க கேட்கும்?

அன்னிக்கு இன்னொண்ணும் கவனிச்சேன். பெஞ்சு மேல இருந்த அவர் செல்போன் ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் திரும்பவே இல்லை. வேலைக்கு நின்ன பையன்தான் எடுத்துக் கையில கொடுத்தான். "கொஞ்ச நாளா இப்படித்தாங்க, மெல்லிசா அடிச்சா அண்ணனுக்குக் கேட்காது"ன்னான். வருஷக்கணக்கா சுத்தியல் சத்தத்துலயும் கிரைண்டர் சத்தத்துலயும் நிக்கிறவங்களுக்குக் காது போறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் முதல்ல ஆரம்பிக்கும். பேச்சு கேட்கும், டிவி கேட்கும், அதனால காது போனதே அவங்களுக்குத் தெரியாது. வயசாக ஆக அதுக்கும் மேலே இருக்கிற மெல்லிசான ஒலிங்களும் ஒண்ணொண்ணா மங்கிடும். நாக்கிங்கோட கிணிகிணி எங்கே இருக்குன்னு நினைக்கறீங்க? சாதாரணக் கார் எஞ்சின்ல 6,000-இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில. முப்பது வருஷ அனுபவம்னு நாம கும்பிடுற அதே முப்பது வருஷம்தான், அந்தச் சத்தத்தை அவர் காதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிருக்கு. கல்லாறு வளைவுல எங்க அப்பாவுக்குக் கேட்காம எனக்கு மட்டும் தெளிவாக் கேட்டதுக்கும் அதுதான் காரணமா இருக்கும். அவருக்கு அப்போ வயசு 58.

"இப்போ வர்ற கார்லயே நாக் சென்ஸார்னு ஒண்ணு இருக்கே, அதுவும் காதுதானேய்யா"ன்னு யாராவது மடக்க வருவீங்க, தெரியும். காதுதான். எஞ்சின் பிளாக்குலயே போல்ட் போட்டு இறுக்கின காது. தனக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் கேட்கும். பட்டறையில கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடாது. மலை ஏறும்போதும், பைபாஸ்ல பறக்கும்போதும் கேட்டுக்கிட்டே இருக்கும். நாக்கிங் வந்ததும் டைமிங்கைச் சில டிகிரி பின்னாடி இழுத்துடும். அப்படியொரு காது இருந்தும் பக்கத்துலயே கிராங்க் சென்ஸார்னு ஒண்ணை வெச்சு டிகிரியை அளந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. காதை நம்பி அளவுகோலைத் தூக்கி எறியலை.

பழைய ஆளுங்க எல்லாரும் முட்டாள்னு நான் சொல்ல வரலை. காதால டைமிங் வைக்கிற முறை உண்மையிலேயே ஒண்ணு இருக்கு. பழைய ரிப்பேர் புத்தகங்கள்லயே வரும். எஞ்சின் நல்லாச் சூடானதும் ரோட்டுல எடுத்துட்டுப் போய், டாப் கியர்ல மெதுவாப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கணும். லேசா கிணுகிணுன்னுட்டு உடனே நின்னுட்டா சரி. நிக்காமக் கிணுகிணுத்தா இறங்கி ஒரு துளி குறைக்கணும், திரும்ப ஓட்டணும். அரை நாள் வேலை. அந்தக் காலத்துப் பெரிய மெக்கானிக்குங்க அப்படித்தான் பண்ணினாங்க. சுமையைக் கொடுத்துட்டு காதைக் கொடுத்தாங்க. அதுல ரோட்டு வேலையை விட்டுட்டு, தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடற போஸை மட்டும்தான் நாம மிச்சம் வெச்சிருக்கோம்.

இதுல நம்ம பங்கும் இருக்கு மக்களே. ட்யூனிங்குக்கு நூத்தம்பது ரூபாய்க்கு மேல கேட்டா நாம மூஞ்சியைத் தூக்குவோம். பட்டறை வாசல்ல இருந்து நூறு மீட்டர் ஓட்டிப் பார்த்துட்டு "பிக்கப் பத்தலையே"ம்போம். அட்வான்ஸைத் தூக்கி வெச்சவன் கெட்டிக்காரன், சரியா வெச்சவன் தொழில் தெரியாதவன். லைட்டை எடுத்தாலோ "இவனுக்குத் தொழில் சுத்தமில்லை, மிஷினைப் பார்த்துல்ல வைக்கிறான்"னு வேற பட்டறைக்குப் போயிடுவோம். அப்புறம் எந்த மெக்கானிக் லைட் வாங்குவான்? பி.பி. மிஷின் இல்லாம நாடி பிடிச்சு மாத்திரை கொடுக்கிற டாக்டர்கிட்ட நாம போறோமா?

எங்க அப்பா 2016-ல தவறிட்டார். அந்த எஞ்சின் போனதுக்குக் காரணம் பங்க்குக்காரனோட கலப்படப் பெட்ரோல்னுதான் கடைசி வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தார். லைட்டு அடிச்சுப் பார்த்ததை நான் அவர்கிட்டச் சொன்னேன். "அப்படியா"ன்னு கேட்டுக்கிட்டார். முதல் வளைவுலயே எனக்கு அது என்ன சத்தம்னு தெரியும்ங்கறதை மட்டும் சொல்லலை.

அதனாலதான் இப்போ வீட்டுலயே வெச்சுக்கறேன். நாலஞ்சு பேர் ஃபோன்ல, எப்படின்னு கேட்டிருந்தீங்க. லைட்டு கூட அவசியமில்லை. ஒரு இண்டிகேட்டர் பல்பு, ரெண்டு துண்டு ஒயர், ஒரு ஃபீலர் கேஜ் போதும். பாயிண்ட் இருக்கிற பழைய அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளுக்குத்தான் இது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வெச்ச வண்டியில இந்த பல்பு வேலை வேண்டாம். இஞ்செக்‌ஷன் வண்டியில நீங்க திருப்பறதுக்குன்னே ஒண்ணும் கிடையாது, அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்.

முதல்ல பாயிண்ட் கேப். இதை விட்டுட்டு டைமிங்குல கை வெச்சா எல்லாம் வீண். கேப் அதிகமானா பாயிண்ட் சீக்கிரமாத் திறக்கும், டைமிங் தானாவே அட்வான்ஸ் ஆயிடும். எங்க லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35-இலிருந்து 0.40 மி.மீ. பட்டறையில சிகரெட் அட்டையைக் கிழிச்சு உள்ளே விட்டுப் பார்க்கிறதை என் கண்ணால பார்த்திருக்கேன். சிகரெட் கம்பெனிக்காரன் அட்டையோட கனத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்காக முடிவு பண்றதில்லைங்க.

அடுத்தது, எதையும் தளர்த்தறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புலயும் பிளாக்குலயும் சேர்ந்த மாதிரி ஒரு கோடு போட்டுடுங்க. வீட்டம்மாவோட நெயில் பாலிஷ் இதுக்கு ரொம்ப உத்தமம் (கேட்டுட்டு எடுங்க, அனுபவஸ்தன் சொல்றேன்). எங்கே சொதப்பினாலும் இந்தக் கோட்டுக்குத் திரும்பி வந்துடலாம். "வீட்டுல கை வைக்காதே, பெரிசா ஏதாவது ஆயிடும்"னு பயமுறுத்தறவங்களுக்கு என் பதில் இந்தக் கோடுதான். புல்லியில இருக்கிற வெட்டுக்கும் முள்ளுக்கும் ஒரு சொட்டு வொயிட்னர் வைங்க, இல்லேன்னா கண்ணுக்கே தெரியாது.

ப்ளக்குங்களைக் கழட்டிட்டு, முதல் சிலிண்டர் துவாரத்துல, அதாவது ரேடியேட்டர் பக்கம் இருக்கிறதுல, கட்டை விரலை வெச்சு அடைச்சுக்குங்க. இன்னொருத்தரை ஹேண்டிலைப் போட்டு மெதுவாச் சுத்தச் சொல்லுங்க. காத்து விரலைத் தள்ளினா அது கம்ப்ரெஷன். அந்தச் சுத்துலயே குறியைப் புத்தகம் சொல்ற டிகிரிக்குக் கொண்டு வரணும். தாண்டிப் போயிட்டா பின்னாடி திருப்பாதீங்க, டைமிங் செயின்ல இருக்கிற தொய்வு கணக்கைக் கெடுத்துடும். இன்னும் ரெண்டு சுத்து சுத்தி முன்னாடி இருந்தே வாங்க. கம்ப்ரெஷன்தானான்னு பார்க்காம வெறும் குறியை மட்டும் நம்பினா ஒரு முழுச் சுத்து தப்பாகி, ஸ்டார்ட் பண்ணும்போது கார்புரேட்டர் வழியாப் பட்டாசு வெடிக்கும். (எனக்கு ஒரு தடவை வெடிச்சிருக்கு. எதிர் வீட்டு நாய் இன்னும் என்கிட்ட வர்றதில்லை.)

இப்போ பல்பு. ஒரு ஒயரை, காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற சின்ன ஒயர் சேர்ற இடத்துலயும், இன்னொண்ணை பாடியிலயும் கொடுத்து சாவியைப் போடுங்க. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறந்தா எரியும். பாயிண்ட் திறக்கிற அந்த இடம்தான் பொறி விழற இடம். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்ளே ரோட்டர் சுத்தற திசையிலயே உடம்பைத் திருப்பினா பல்பு அணையும். அப்புறம் எதிர்த் திசையில மயிரிழை மயிரிழையாத் திருப்பி, பல்பு எரிய ஆரம்பிக்கிற அந்த நொடியில நிறுத்தி இறுக்குங்க. இறுக்கும்போது உடம்பு கொஞ்சம் நகர்ந்துடும், அதனால மறுபடி ஒரு தடவை ஹேண்டிலைச் சுத்திச் சரிபாருங்க. வேலை முடியற வரைக்கும் சாவியைப் போட்டபடியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, காயில் சூடேறிப் போயிடும்.

லைட் இருந்தா இதோட கூடுதலா ஒரு நன்மை. குறி ஒரே இடத்துல நிக்காம நாலு டிகிரிக்குக் குதிச்சு ஆடுச்சுன்னா பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேஞ்சிருக்கும். அதை எந்தக் காதும் சொல்லாது. ஆனா லைட் வெளிச்சத்துல ரேடியேட்டர் ஃபேனும் நின்ன மாதிரியோ மெதுவா ஊர்ற மாதிரியோ தெரியும். அது நிக்கலை! விரலை விட்டவங்க உண்டு. லுங்கி, துண்டு, கழுத்துச் செயின் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள வெச்சுட்டு வாங்க. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விடாதீங்க, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கடைசியா ஒரு வாதம் பாக்கி இருக்கு. "அந்தப் புத்தகம் எழுதின காலத்துப் பெட்ரோலா இப்போ வருது? ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோட போச்சு. 2022-ல 10 சதவீதம் எத்தனால், 2025-ல 20 சதவீதம். அப்புறம் புத்தகத்துல இருக்கிற டிகிரியை வெச்சு என்ன பண்றது? காதுதான் கதி." நியாயமான கேள்விதான். எத்தனாலோட ஆக்டேன் எண் நூறுக்கும் மேல, அதனால அட்வான்ஸைத் தாராளமாத் தூக்கலாம்னு ஒரு குரூப்பே கிளம்பியிருக்கு. எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு. கார்புரேட்டர் ஜெட்டுக்கு அது தெரியாது, பழைய அளவுலயே ஊத்தும். கலவை மெலிஞ்சு போகும். மெலிஞ்ச கலவையில முழு மிதி மிதிக்கிறதும், கூடவே ஏகத்துக்கு அட்வான்ஸும்... வேண்டாங்க. புத்தக டிகிரியில ஆரம்பிங்க. மலையில சுமையோட ஓட்டுங்க. கிணுகிணுத்தா 2 டிகிரி குறைச்சு நோட்டுல எழுதுங்க. மந்தமா இருந்தா 1 டிகிரி கூட்டி எழுதுங்க. பெட்ரோல் மாறிடுச்சுங்கறதுதான் எனக்கு இருக்கிறதுலயே பெரிய கட்சி. எங்கே நிக்கறோம்னு தெரியாம எவ்வளவு நகர்ந்தோம்னு எப்படித் தெரியும்? என் நோட்டுல 2007-ல இருந்து 31 வரி இருக்கு. அந்த மெக்கானிக் அண்ணன் காதுல இருந்ததை அவர் பையனுக்குக் கொடுத்துட்டுப் போக முடியலை. பட்டறை மூடி ஏழெட்டு வருஷமாச்சு.

திட்டணும்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க, கும்மியடிக்காம ஒவ்வொருத்தரா.

டிஸ்கி: சித்தப்பா பொண்ணு கல்யாணம் குன்னூர்லதான். நேத்து ஃபோன் பண்ணி, "உங்க அம்பாசடர்ல எனக்கும் ஒரு இடம் போட்டு வைப்பா, மத்த வண்டியில கால் நீட்ட முடியலை"ன்னார். பின் சீட்டுல ஜன்னலோரமா உக்கார வைக்கலாம்னு இருக்கேன். கல்லாறுல ஏதாச்சும் கேட்டாச் சொல்லட்டும்.